பேண்டேஜ் துணியில் இரண்டு மலைகள்

விதி ஏழு: மாதிரியைச் செய்த மாணவரிடம் விளக்கம் கேட்ட பிறகே மதிப்பெண் இட வேண்டும். நடுவர்கள் இருவருக்குக் குறையக் கூடாது. பார்வையிடும் பணியை முற்பகலிலேயே முடித்துவிட வேண்டும். விதி எட்டு: முடிவில் குறை காண்போர் தங்கள் பள்ளியின் வழியாக மேல்முறையீடு செய்யலாம். முப்பது நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் தரப்படும்.

நான் எட்டாம் வகுப்பு படித்தபோது, ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிகளுக்கு இடையே நடந்த ஒரு கண்காட்சிக்காக அதன் குழு அனுப்பிய விதிகள் இவை. சைக்ளோஸ்டைல் தாள், தொட்டால் விரலில் மை ஒட்டும். அரசு வேலையில் சேர்ந்த பிறகு எத்தனையோ விதிகளைப் படித்தேன். பலவற்றைப் பிறருக்கு விளக்கிச் சொல்லிச் சலித்தேன். இவ்வளவு தெளிவான விதிகளை நான் அதிகம் பார்த்ததில்லை. ஒரே பிற்பகலில் இவ்வளவு முழுமையாக மீறப்பட்ட விதிகளையும் பார்த்ததில்லை.

ஓய்வூதியர் சங்க மலருக்கு 'இளமைக்கால இனிய நினைவு' ஒன்று எழுதித் தரும்படி கேட்டிருக்கிறீர்கள். 'இனிய' என்பதை அடித்துவிட்டு எழுதுகிறேன். உங்களுக்கும் என் வயதுதான். ஓடைக்கரை, பம்பரம், பொங்கல் கரும்பு என்று மற்றவர்கள் எழுதித் தந்துவிடுவார்கள். நான் மலைகளைப் பற்றி எழுதுகிறேன்.

'மேற்குத் தொடர்ச்சி மலையையும் கிழக்குத் தொடர்ச்சி மலையையும் ஒப்பிடுக.' ஐந்து மதிப்பெண். நீங்களும் எழுதியிருப்பீர்கள். நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் ஐந்து, வலப்பக்கம் ஐந்து. மேற்கே இருப்பது தொடர்ச்சியானது, கிழக்கே இருப்பது தொடர்ச்சியற்றது. தொடர்ச்சியற்ற ஒன்றுக்கு ஏன் தொடர்ச்சி மலை என்று பெயர் வைத்தார்கள் என்று கேட்டவர்களுக்கு மதிப்பெண் கிடையாது. மேற்கே உயரம் அதிகம், கிழக்கே குறைவு. மேற்கே மலைக்கும் கடலுக்கும் நடுவில் ஒடுங்கிய சமவெளி, கிழக்கே அகன்ற சமவெளி. மேற்கு மலையில் ஆறுகள் பிறக்கும். கிழக்கு மலையை அதே ஆறுகள் வெட்டிக்கொண்டு கடலுக்குப் போகும். ஐந்தாவதுதான் எங்கள் வீட்டுக்குள் வந்து குடித்தனம் நடத்தியது: மேற்கு மலையின் கடல் பக்கம் மழை கொட்டும், மறுபக்கம் மழை மறைவுப் பகுதி.

அந்த மறுபக்கத்தில்தான் இராஜபாளையம் இருக்கிறது. எங்கள் வீட்டுக் கொல்லையில் நின்றால் மேற்கு முழுவதும் மலை. சூரியன் அதன் பின்னால் சீக்கிரம் போய்விடுவதால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு மாலை நேரம் என்பதே கொஞ்சம் குறைவுதான். ஆனி, ஆடியில் உச்சியில் மேகம் மொய்த்துக் கிடக்கும். அந்தப் பக்கம் அடித்துப் பெய்கிறது என்று தெரியும். எங்களுக்கு வருவது காற்று மட்டும். அதில் மண் இருக்கும், பஞ்சு இருக்கும். கிழக்கு மலையை எங்களில் யாரும் பார்த்ததில்லை. கிழக்கே பார்த்தால் கரிசல், அதற்கப்பால் மறுபடியும் கரிசல்.

பெரியப்பா மகளும் நானும் ஒரே வகுப்பு. என்னைவிட ஒரு வயது மூத்தவள். தம்பி பிறந்தபோது அவனைத் தூக்கி வைத்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று ஓராண்டு வீட்டில் நிறுத்திவிட்டார்கள். அதனால் என் வகுப்பில் வந்து உட்கார்ந்தாள். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் அக்கா என்று கூப்பிட்டதற்காக அவள் என்னைக் கிள்ளிய தழும்பு நெடுநாள் இருந்தது.

பூகோள டீச்சர் நாகர்கோவில் பக்கத்துக்காரர். "எங்க ஊர்ல மலைக்கும் கடலுக்கும் நடுவுல ரெண்டு பஸ் ஸ்டாப்புதான்" என்பார். ஒருநாள் மழை மறைவுப் பகுதியை நடத்திக்கொண்டிருந்தபோது அக்கா எழுந்து நின்றாள்.

"டீச்சர், மழை மறைவுன்னா நமக்கு ஐப்பசியில எப்படி மழை பெய்யுது?"

"அது வடகிழக்குப் பருவக்காற்று. அடுத்த பாடம்."

"அப்ப அந்தப் பக்கம் நமக்கு மறைக்கிறதுக்கு மலை இல்லையா டீச்சர்?"

டீச்சர் சாக்பீஸை வைத்துவிட்டு நிலப்படத்தைப் பார்த்தார். துணி ஒட்டிய பழைய படம், நடுவில் மடிப்பு விழுந்து கிழிந்திருக்கும். கிழக்கு மலை வடக்கேயே வந்து நீலகிரியில் சேர்ந்துவிடுகிறது. அதற்குத் தெற்கே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில குன்றுகள். எங்களுக்கு நேர் கிழக்கே கடல் வரை எதுவும் இல்லை. "ஆமா, திறந்துதான் கெடக்கு" என்றார். அந்த வாரமே கண்காட்சிக்கு அக்காவின் பெயரைக் கொடுத்தார். துணை மாணவி என்று என் பெயரையும் சேர்த்தார். நான் கேட்கவில்லை.

இதை வீட்டில் சொன்னபோதுதான் பெரியப்பா நிபந்தனை போட்டார். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து வந்தவர். அப்போது ஒரு பேண்டேஜ் கம்பெனியில் கேட் காவலுக்கு இருந்தார். அவர் உத்தரவு போடும்போது சாப்பிட்ட கையைக் கழுவ மாட்டார். தட்டிலேயே வைத்துக்கொண்டு பேசுவார். எட்டாவது முடிந்ததும் அக்காவைக் கம்பெனியில் துணி மடிக்கிற மேசையில் சேர்த்துவிடுவதாக ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார்.

"பரிசு வாங்கிட்டு வந்தா ஒம்பதாவது படிக்கட்டும்" என்றார். "வாங்கலன்னா கம்பெனி. பொறவு எங்கிட்ட வந்து ஒப்பாரி வைக்கக் கூடாது."

"வெளாட்டுக்குச் செய்யுற பொம்மைக்கும் படிப்புக்கும் என்ன?" என்றார் பெரியம்மா.

"படிப்புல கெட்டின்னு பள்ளிக்கூடத்துல சொல்லுதாக. நாலு ஊரு பிள்ளைகளோட நின்னு காட்டட்டும். எம்புட்டு கெட்டின்னு தெரிஞ்சிரும்ல."

அக்கா கொல்லைக்குப் போய் மலையை அளக்கிறவள் போலக் கையை நீட்டி ஒரு கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மற்ற ஊரில் மலை செய்ய வேண்டுமென்றால் களிமண் தேடுவார்கள், இல்லையென்றால் காகிதக் கூழ். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு எது செய்தாலும் பேண்டேஜ் துணிதான். கொலு பொம்மைக்கு வேட்டி, நாடகத்துக்குத் தாடி, பூனைக்குட்டிக்குப் படுக்கை, எல்லாம் அதே துணி. கம்பெனிகளில் கழிவுத் துண்டு கிடைக்கும். மைதாப் பசையில் முக்கிச் சுருட்டி எந்த உருவம் வேண்டுமானாலும் வைக்கலாம். காய்ந்தால் அப்பளம் போல விறைத்துக்கொள்ளும்.

அக்கா போட்ட திட்டத்தை இன்றைக்கும் வியக்கிறேன். மேற்கு மலை தொடர்ச்சியானது, அதனால் கத்தரி படாத ஒரே நீளத் துணி. கிழக்கு மலைக்கு வெட்டுத் துண்டுகள், நடுநடுவே ஆறு போக இடைவெளி. அடியில் பெட்டிப் பலகை. இரண்டு ஓரத்திலும் எண்ணெய் டின்னைப் பிளந்து அடித்த தட்டுகள், அவைதான் கடல். மேற்குக் கடலோரச் சமவெளி ஒடுங்கியது என்பதால் மலையின் துணி கிட்டத்தட்டக் கடல் தட்டின் விளிம்பு வரை வந்தது. கிழக்கே முழம் போட்டு இடம் விட்டாள். ஆனி, ஆடி மழைக்கு ஒரு பூவாளி, ஐப்பசி மழைக்கு இன்னொரு பூவாளி. முதல் பூவாளியில் ஊற்றினால் மலையின் மேற்குப் பக்கம் மட்டும் நனையும். இரண்டாவதை இடைவெளிகளின் வழியாகக் கொண்டுவந்து காட்ட வேண்டும். 'மேற்கு மலை மழையைத் தடுத்து நிறுத்துகிறது, கிழக்கு மலை மழைக்கு வழி விடுகிறது. உடைந்து கிடப்பதால்தான் நமக்குச் சோறு.' இந்தக் கடைசி வரியை விளக்கத்தில் சொல்லலாமா என்று டீச்சரிடம் கேட்டு, சொல்லலாம் என்று அனுமதியும் வாங்கியிருந்தாள்.

துணி கேட்டபோது அக்கா கோராத் துணிதான் கேட்டாள். வெளுக்காத துணி, லேசான மஞ்சள், பருத்திக்கொட்டை வாசம் அடிக்கும். பெரியப்பா வெள்ளை வெளேரென்று சலவையாகி வந்த துணியைக் கொண்டுவந்து போட்டார். கம்பெனி மேனேஜரிடம் கேட்டு, கேட் பாஸ் எழுதி, தன் கேட்டில் தானே பாஸைச் சரிபார்த்து, தானே கையெழுத்துப் போட்டு எடுத்து வந்திருந்தார்.

"கோரா போதும்ப்பா" என்றாள் அக்கா. "எப்படியும் பெயின்ட்தான அடிக்கப் போறோம்."

"ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன் வந்து தொட்டுப் பாப்பான். மஞ்சத் துணிய வெச்சுக்கிட்டு நம்ம ஊரு பேரக் கெடுக்காத. முதல் தரம், பாத்துக்கோ. ஆஸ்பத்திரிக்குப் போற துணி."

அதுதான் சிக்கல். ஆஸ்பத்திரிக்குப் போகிற துணி இரத்தத்தை உறிஞ்சுவதற்காகச் செய்யப்பட்டது. பஞ்சில் இயல்பாக இருக்கும் மெழுகை வேக வைத்து எடுத்த பிறகு அது தண்ணீரைக் கண்ட இடத்தில் குடிக்கும். கோராத் துணி குடிக்காது. தண்ணீர் உருண்டு ஓடிவிடும். கம்பெனிக்குள் வேலை செய்த எந்தப் பெண்ணிடம் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாள். பெரியப்பா கேட்டில் இருந்தார். அவருக்குத் துணி என்றால் பாஸ் உள்ளது, பாஸ் இல்லாதது என்று இரண்டு வகைதான்.

பத்து நாளுக்கு மேல் எங்கள் கைகளில் மைதா காய்ந்து தோல் போல உரிந்தது. மேற்குச் சரிவுக்குப் பச்சைப் பொடி கரைத்துப் பூசினோம், கிழக்குச் சரிவுக்குக் காவி. இராஜபாளையம் இருக்குமிடத்தில் அக்கா ஒரு தீப்பெட்டியை ஒட்டி ஆலைச் சங்கு என்றாள். பூவாளியை ஒரு துண்டுத் துணியில் மட்டும் சோதித்தோம். கடல் தட்டுகளில் தண்ணீர் ஊற்றிப் பார்க்க பெரியப்பா விடவில்லை. "கடல அங்க போயி ஊத்துங்க. இங்க நனைச்சா சாயம் போயிரும்." அவர் கவலையும் நியாயமானதுதான். அந்த வீட்டில் எல்லாமே நியாயமாகத்தான் நடந்தது.

கண்காட்சி நாளில் என் அப்பாவின் பஸ்ஸில் போனோம். அவர் கண்டக்டர். மலைகளை மீதித் துணியால் சுற்றிக் கட்டி, கடைசி இருக்கையில் நீளவாக்கில் கிடத்தியிருந்தோம். சத்திரப்பட்டிப் பக்கத்துக்காரர் போலிருந்த ஒரு பெரியவர் ஏறி, பார்த்து, துண்டைத் தோளிலிருந்து இறக்கிவிட்டார்.

"யாருக்கு தாயி என்னாச்சு?"

"மலை, தாத்தா" என்றேன்.

"மலைக்கா கட்டுப் போட்டிருக்கு?"

பஸ் முழுக்கச் சிரித்தது. அக்காவும் சிரித்தாள். அப்பா மட்டும் சிரிக்காமல் வந்து, சொந்த மகளுக்கு லக்கேஜ் டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். எனக்கு விதிகளின் மேல் பற்று எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்வதுண்டு.

ஒன்பது மணிக்கு எங்கள் மேசையில் கடல்களை நிரப்பினோம். பத்து மணிக்கு நடுவர்கள் வருவார்கள் என்றார்கள். பதினொன்றுக்கு வருவார்கள் என்றார்கள். பக்கத்து மேசையில் உள்ளூர்ப் பள்ளி ஒன்றின் மலை இருந்தது. சிமெண்டில் அவர்களுடைய டிராயிங் மாஸ்டர் செய்தது. பையன்கள் தூக்கிவர மட்டும் வந்திருந்தார்கள். இரண்டு மலையும் ஒரே உயரம். கிழக்கு மலையில் இடைவெளியே இல்லை. கோதாவரி எங்கே போகும் என்று கேட்டால் திரும்பி வீட்டுக்குத்தான் போக வேண்டும்.

"என்னட்டி, அடிபட்ட மலையா?" என்றான் அவர்களில் ஒருவன்.

"ஒங்க மலைக்கு என்னடா, ஆத்துக்குக்கூட வழியில்ல" என்றாள் அக்கா. "கோயில் மதிலா கட்டி வெச்சிருக்க?"

"எங்க ஊர்ல கோபுரம் இருக்கு. ஒங்க ஊர்ல புகைபோக்கிதான இருக்கு."

"புகைபோக்கியிலதான் சம்பளம் வருது. நீ தேர்வடத்தப் பிடிச்சுக்கிட்டே கெட."

விருந்தினருக்கு மதிய உணவு முடியட்டும் என்று முற்பகல் கழிந்தது. மண்டபத்துக்குப் பின்னாலிருந்து சாம்பார் வாசம் வந்தது. அப்போதுதான் நான் பார்த்தேன். மேற்குக் கடலின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்த துணி கறுத்திருந்தது. கறுப்பு மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது. மலையின் உயரமே கையகலம்தான். உச்சியைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கியும்விட்டது. பச்சைச் சாயத்தையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தது. காவிச் சரிவு நெடுக பச்சை வழிந்து, தீப்பெட்டிக்குக் கீழே ஒரு சொட்டுத் தண்ணீர் நின்றது. கடலோரச் சமவெளி ஒடுங்கியிருக்க வேண்டும் என்று அக்கா சரியாகச் செய்திருந்ததால்தான் துணிக்குக் கடல் எட்டியது. பக்கத்து மேசைக்காரர்களைப் போல மைதானம் அளவுக்குக் கடற்கரை விட்டிருந்தால் எதுவும் நடந்திருக்காது.

அக்கா துணியைத் தொட்டுப் பார்த்தாள். "குடிச்சிருச்சு" என்றாள். "துணி குடிச்சிருச்சுட்டி."

"தட்டுத் தண்ணியக் கொட்டிருவோமா?"

"ஏறுனது எறங்கவா போகுது?"

"அப்ப ஐப்பசி மழைன்னு சொல்லிருக்கா. ஐப்பசியில இந்தப் பக்கம் நனையும்ல."

"கடல்ல இருந்து மலையேறி வந்த தண்ணிய மழைன்னு எப்படிச் சொல்ல? அவியதான் கேப்பாகல்ல. துணி குடிச்சிருச்சுன்னே சொல்லுவோம். சொல்லிட்டு, நிசத்துல இப்படி வராது, நமக்கு மழை கிழக்க இருந்துன்னு ரெண்டாவது பூவாளியக் காட்டுவேன்."

கேட்பார்கள் என்று அவள் நம்பியதற்குக் காரணம் விதி ஏழு. அந்தத் தாளை அவளுக்குப் படித்துக் காட்டியவள் நான்.

நடுவர் சாப்பாடு முடிந்து வந்தார். ஒருவர்தான். வெற்றிலை போட்டிருந்தார். உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பூகோளம் நடத்துகிறவர் என்று டீச்சர் சொன்னார். பக்கத்து மேசைப் பையன்கள் அவரை "நம்ம சார்" என்றார்கள். எங்கள் மேசை முன்னால் நின்று கிழக்குச் சரிவை விரலால் தொட்டார். விரலைப் பார்த்தார்.

"ராஜபாளையம் என்னைக்கி இம்புட்டுப் பச்சையாச்சு?"

"சார், அது வந்து..."

"மழை மறைவுப் பகுதி எப்படிம்மா நனையும்? புத்தகத்தத் தொறந்து பாத்திருக்கியா? அடிப்படையே தப்பு." தாளில் ஏதோ எழுதினார். எழுதிய பிறகுதான் எங்கள் பள்ளியின் பெயரைப் பார்த்தார். "பேண்டேஜ் துணியா? ம். மடிக்கிற வேலைக்கு நல்லா வருவீங்க."

அக்கா இரண்டாவது பூவாளியைக் கையில் எடுத்திருந்தாள். அதை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சார், விளக்கம் கேட்டுட்டுத்தான் மார்க் போடணும்" என்றேன் நான்.

அவர் திரும்பினார். "நீ யாரு?"

"துணை மாணவி."

"துணைக்கு வந்தவ துணையா நில்லு."

டீச்சர் எங்களுக்குப் பின்னால்தான் நின்றிருந்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் என் தோளைப் பிடித்து அழுத்தினார். "சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். அவருக்கு அது தற்காலிக வேலை, அந்த வருடத்தோடு நீட்டிப்பார்களா மாட்டார்களா என்று தெரியாத நிலை என்பதெல்லாம் எனக்கு மிகவும் பிற்பாடு தெரிந்தது. தெரிந்த பிறகும் அந்தக் கை என் தோளில் கனக்கத்தான் செய்கிறது.

சிமெண்டு மலைக்கு முதல் பரிசு.

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி. காற்று கிழக்கிலிருந்து வந்தது. பஸ்ஸின் இடப்பக்கத்து ஜன்னல்களை மூடச் சொல்லி அப்பா கத்திக்கொண்டே வந்தார். மழை மறைவுப் பகுதி முழுவதும், ஸ்ரீவில்லிபுத்தூர் உட்பட, தெப்பமாக நனைந்தது. நடுவர் வீட்டுக்கு நடந்து போகையில் நனைந்திருப்பார் என்று நம்புகிறேன். அதற்கு ஆதாரம் எதுவும் என்னிடம் இல்லை. இறங்கும் இடத்திலிருந்து வீட்டுக்குத் தூக்கிப் போனதில் பசை கரைந்து மேற்கு மலையும் கிழக்கு மலையும் ஒரே உயரமாகிவிட்டன. பரிசு வாங்கும் தகுதி அப்போதுதான் வந்தது.

பெரியப்பா வாசலில் குடையோடு நின்றார். "என்னாச்சு?" என்று கேட்கவில்லை. "பரிசு?" என்றார்.

அக்கா தலையசைத்தாள்.

"சரி" என்று குடையை மடக்கினார்.

நான்தான் சொன்னேன். "நீங்க குடுத்த வெள்ளத் துணிதான் பெரியப்பா குடிச்சிருச்சு. யக்கா கோராதான கேட்டா."

கன்னத்தில் விழுந்தது. டூட்டி முடிந்து எங்களோடு வந்திருந்த அப்பா பக்கத்தில்தான் நின்றார். பையிலிருந்த சில்லறையைப் பிரித்துக்கொண்டிருந்தார். பெரியப்பாவின் முகத்தை நான் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். புரிந்தது வேறு, உத்தரவை மாற்றுவது வேறு. பட்டாளத்தில் அப்படித்தான் பழக்கியிருப்பார்கள். நாம் வேலை பார்த்த அலுவலகங்களிலும் வேறு மாதிரிப் பழக்கவில்லை.

ஆனால் அவரிடம் ஒரு பலவீனம் இருந்தது, காகிதம். இரண்டு நாள் கழித்து நான் விதித்தாளை எடுத்துப் போய் விதி ஏழையும் எட்டையும் படித்துக் காட்டினேன். கன்னம் அப்போதும் வீங்கியிருந்தது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானும் ஒருமுறை படித்தார்.

"கேக்கவே இல்லையா அவரு?"

"இல்ல பெரியப்பா."

"ரெண்டு பேரு வரணும்னு போட்டிருக்கே?"

"ஒருத்தருதான் வந்தாரு. அதுவும் சாப்பிட்டுட்டு."

வெகுநேரம் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எழுதிப் போடு" என்றார். "தான் செஞ்சது தப்புன்னு அவன் கையெழுத்துப் போட்டுக் காகிதம் அனுப்பட்டும். அனுப்பினா இவ படிக்கட்டும். எட்டாவது முடியுறதுக்குள்ள வரணும்."

எழுதினோம். வாசகம் என்னுடையது, கையெழுத்து அக்காவுடையது. அவள் எழுத்து அச்சு மாதிரி இருக்கும். என் வாழ்க்கையில் நான் தயாரித்த முதல் மேல்முறையீடு. அதில் திருத்த வேண்டியதாக இன்றைக்கும் எனக்கு எதுவும் தோன்றவில்லை. பள்ளியின் வழியாக அனுப்ப வேண்டும் என்பதால் தலைமையாசிரியை மேசைக்குப் போனது. டீச்சர் பார்த்து, கையெழுத்திடாமல் நகர்த்தினார். தலைமையாசிரியை, "எதுக்கும்மா இதெல்லாம்?" என்று கேட்டார், எங்கள் முன்னாலேயே முத்திரையும் குத்தினார்.

முப்பது நாள் என்பதை நான் விதி என்று எடுத்துக்கொண்டேன். அக்கா நாள் எண்ணவில்லை. தபால்காரர் வருகிற நேரத்துக்கு வாசல் பெருக்க மட்டும் கற்றுக்கொண்டாள். காலையில் ஏற்கெனவே பெருக்கிய வாசல். பெரியம்மா பார்த்தும் பார்க்காதது போல் இருப்பார். கார்த்திகை போனது. தை போனது. நான் நினைவூட்டு ஒன்று எழுதினேன். மாசியில் இன்னொன்று. பெரியப்பாகூட ஒரு நாள் கேட்டார், "ஏட்டி, காகிதம் ஏதும் வந்துச்சா?" என்று. அந்தக் குரலில் வர வேண்டும் என்ற ஆசை இருந்ததாக எனக்குப் பட்டது. காகிதம் வந்தால் உத்தரவை மாற்றிய பழி அவர் மேல் விழாது.

அந்த மனு எந்த மேசையில் எதற்காகப் படுத்திருக்கும் என்பது எனக்கு இப்போது தெரியும். 'நடுவரின் கருத்துரை பெறப்பட வேண்டும்' என்று ஒருவர் எழுதியிருப்பார். நடுவர் விடுமுறையில் இருந்திருப்பார். வந்ததும் 'முந்தைய கடிதத்தை இணைக்கவும்' என்றிருப்பார். இணைக்க வேண்டியவர் மாற்றலாகிப் போயிருப்பார். ஒருவரும் கெட்டவரில்லை, ஒருவருக்கும் அவசரமில்லை. உள்ளிருந்து பார்த்தால் கோபம் தணியும் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு உள்ளே போன பிறகுதான் முழு வேகத்தில் வந்தது.

எட்டாவது முடிந்தது. அக்கா வகுப்பில் இரண்டாவதாக வந்தாள். ஜூன் மாதம் நான் ஒன்பதாம் வகுப்பின் புதுப் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்த அன்று, அவள் பெரியப்பாவின் சைக்கிளுக்குப் பின்னால் உட்கார்ந்து கம்பெனிக்குப் போனாள். கேட்டில் பெரியப்பா அவளைச் சோதனை போட்டுத்தான் உள்ளே விட்டாராம். விதிப்படி.

அவள் இப்போது சேத்தூர்ப் பக்கம் இருக்கிறாள். பேரப்பிள்ளைகள், இரண்டு எருமை, வலது தோளில் தீராத வலி. போன மாதம் பார்க்கப் போனபோது மலரில் இதை எழுதப் போவதாகச் சொன்னேன்.

"இன்னுமாட்டி அதத் தூக்கிக்கிட்டு அலையுத?"

"விதி மீறல்க்கா அது."

"போடி இவளே. அந்தாளு எப்பவோ போய்ச் சேந்திருப்பாரு." பேத்தியின் கையிலிருந்த பூகோளப் புத்தகத்தை வாங்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள். வண்ணப் படம், இரண்டு மலை. "கிழக்க இடைவெளி விட்டிருக்கான். சரியாத்தான் போட்டிருக்கான்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுத் தவிடு கலக்கப் போனாள். அவளுக்குக் கோபம் இல்லை. இருந்ததையெல்லாம் என்னிடம் கொடுத்துவைத்திருக்கிறாள் என்று நினைக்கிறேன்.

பதில் வராமல் இல்லை. வந்தது. பழுப்பு உறை, பள்ளியின் வழியாக. 'மனுதாரரின் முறையீடு பரிசீலிக்கப்பட்டது. மாதிரியைச் செய்த மாணவியிடம் விளக்கம் கேட்காமல் மதிப்பெண் இட்டது விதி ஏழுக்கு முரணானது என ஏற்கப்படுகிறது. மனுதாரர் தமது மாதிரியுடன் நேரில் வந்து விளக்கம் அளிக்கலாம்.' பெரியப்பா கேட்டபடியே, முழுக் கையெழுத்து, முத்திரை, எல்லாம் இருந்தன. தலைமையாசிரியை அதை என்னிடம் தந்தபோது நான் தேர்வு மண்டப வாசலில் பரீட்சை அட்டையோடு நின்றிருந்தேன். அக்கா அன்று காலை ஷிப்டு. அதை நான் பெற்றுக்கொண்ட தேதி, எங்கள் வகுப்புக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு தொடங்கிய நாள், மார்ச் மாதத்துப் புதன்கிழமை, தமிழ் முதல் தாள்.